கைதானவர் பட்டியலும் பெயர் ஒத்தவர் பாடும்

பாலியல் தொழிலாளியை நாடிச் சென்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஆண்களின் பெயரையும் படத்தையும் ஊரறிய வெளியிடுவது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறீர்கள், அங்குள்ள நகர மன்றம் இப்படியொரு பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. கைது செய்த கையோடு வெளிவந்துவிடுகின்றன. சிகாகோ காவல்துறை 2005-இல் இவ்வாறு கைதானவர்களின் பெயர், படம், முகவரியின் ஒரு பகுதி ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் 30 நாள்களுக்கு வைக்கத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் நாசோ மாவட்டத்தில் 2013 ஜூன் மாதம் அரசு வழக்கறிஞர் செய்தியாளர்களைக் கூட்டி, கைதான 104 ஆண்களின் படங்களை அவர்கள் முன் வைத்தார். ஆகவே நீங்கள் கேட்பது தண்டனை பெற்றவர்களைப் பற்றி என்றாலும், நடைமுறையில் அவமானம் முதலில் வருகிறது, வழக்கு பிறகு வருகிறது.

மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் என்ற சிற்றூரில் 2012-இல் நடந்ததை நான் மறக்காமல் இருப்பதற்குச் சொந்தக் காரணம் உண்டு. அங்கே ஜும்பா நடன ஆசிரியை ஒருவர் தம் பயிற்சிக்கூடத்தில் பாலியல் தொழில் நடத்திய வழக்கில், வாடிக்கையாளர்களுள் 21 பேரின் பெயர்களைக் காவல்துறை முதல் தவணையாக வெளியிட்டது. வயதும் முகவரியும் இல்லாமல் வெறும் பெயர்கள் மட்டும் வந்ததால், அதே பெயரைக் கொண்ட, வழக்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஆண்கள் ஊராருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் முகவரிகளையும் வெளியிட நீதிமன்றம் வழிவிட்டது.

அந்த ஆண்களின் நிலை எனக்கு நன்றாகத் தெரியும். நான் முன்பு வசித்த நகரத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கும் இப்படியொரு பக்கம் இருந்தது. என் பெயரையும், இங்கே குடும்பப் பெயராக மாறிவிட்ட அப்பாவின் பெயரையும் சேர்த்தால், தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். அந்தப் பெயரில் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறார். நான் அதைப் பார்த்ததே இல்லை. ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில், பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாய்மார்கள் என் மனைவியைக் கண்டதும் பேச்சை நிறுத்தியபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அடுத்த வாரம் வகுப்புகளைக் கவனிக்கும் நண்பர், “அண்ணா, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்களேன், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். எதற்கு ஓய்வு என்று வற்புறுத்திக் கேட்டபின்தான் விஷயம் வெளியே வந்தது.

அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதிவு நீக்கப்பட்டுவிட்டது. தவணை முடிந்தால் படத்தை எடுத்துவிடுவதைக் கருணை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ‘அது நான் இல்லை’ என்று காட்டக்கூடிய ஒரே சான்று அந்தப் படம்தான்; வதந்தி தங்கிவிட்டது, சான்று போய்விட்டது. விளக்கம் சொல்லக் கிளம்பினால் இதுவரை தெரியாத இன்னும் பத்துப் பேருக்குத் தெரியவரும் என்று என் மனைவி தடுத்தார். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் எழுதிக் கேட்டு, பட்டியலில் இருந்தவரின் பிறந்த தேதி என்னுடையதன்று என்று ஒரு கடிதம் வாங்கினேன். நண்பர் அதைப் படித்துவிட்டு, “நாங்கள் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை அண்ணா” என்றார். வகுப்பு அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது.

இவர் ஏன் இவ்வளவு பதறுகிறார் என்று சிலர் கேட்பார்கள், கேட்கட்டும். அந்தத் தொழிலுக்குள் கடத்திவரப்படும் பெண்களின் துயரத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. காலங்காலமாகப் பெண்களை மட்டும் பிடித்து, ஆண்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்த அநீதிக்கு மாற்றாகவே இந்தப் பட்டியல்கள் வந்தன என்பதும் தெரியும். ‘அழகிகள் கைது’ என்று தலைப்பிட்டு, துப்பட்டாவால் முகம் மூடிய பெண்களைப் படம்பிடித்துப் போட்ட நம் நாளிதழ்கள் உடனிருந்த ஆண்களை ‘சிலர்’ என்று ஒரே சொல்லில் முடித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கைது, சோதனை, மீட்பு ஆகியவற்றின்போது பாலியல் தொழிலாளர்களின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில்தான் சொன்னது. இருந்தும், அவளுக்கு இழைத்த அவமானத்தை அவனுக்கும் இழைத்தால் கணக்கு நேராகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனாவின் ஷென்ஜென் நகரில் 2006 நவம்பரில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள். பெண்களும் வாடிக்கையாளர்களுமாகச் சுமார் நூறு பேருக்கு மஞ்சள் சட்டை மாட்டித் தெருவில் நிறுத்தி, பெயரையும் சொந்த ஊரையும் உரக்கப் படித்தார்கள். அங்கேயே எதிர்ப்பு கிளம்பியது. 2010-இல் இத்தகைய ஊர்வலங்களை நிறுத்துமாறு சீனக் காவல் அமைச்சகமே உத்தரவிட்டது. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிய நம்மூர் தண்டனை இதைவிட மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதில்கூட ஆள் நேரில் இருந்தான், பெயர் ஒத்துப்போன இன்னொருவன் மாட்டிக்கொள்ள வழியில்லை.

இது குற்றத்தைக் குறைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிலர் அஞ்சி விலகக்கூடும்; மறுக்கவில்லை. ஆனால் அபராதத்துக்கும் சிறைக்கும் நீதிபதி ஓர் அளவு வைக்கிறார், இதற்கு யார் அளவு வைப்பது? அந்த ஆளின் மனைவியும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் எந்தச் சட்டப்பிரிவின் கீழ் இதில் பங்கு பெறுகிறார்கள்?

உங்கள் நகர மன்றக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், பட்டியல் தீர்ப்புக்குப் பிறகுதான் வருமா என்று முதலில் கேளுங்கள். வழக்கில் விடுதலையானவரின் பெயருக்கு எதிரே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதையும் போடுவார்களா என்று அடுத்து கேளுங்கள். நான் கடிதம் வாங்கச் சென்ற அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, அந்த வேலைக்கென்று தங்களிடம் ஆள் இல்லை என்றார்கள்.