மாதம் 12,000 ரூபாய் குறைந்தாலும் பள்ளி வேலையை விடலாமா?

கேள்வி: கோவை புறநகரில் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 39. இங்கே வரும் ஏப்ரலோடு 9 ஆண்டு. அதற்கு முன் வேறொரு பள்ளியில் 4 ஆண்டு. பிடித்தம் போகக் கையில் வருவது 38,000. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு அடைக்கிறது. வீட்டுக்கு வந்தும் பேப்பர் கட்டு, வாட்ஸ்அப்பில் பெற்றோர் கேள்விகள், கோடையில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போவது. குரல் நாணில் சிறு முடிச்சு இருப்பதாகக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் சொல்லிவிட்டார். பாடநூல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எடிட்டர் வேலை வந்திருக்கிறது. கையில் 26,000. வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஒரு மாதத்தில் சேரச் சொல்கிறார்கள். கணவர் சம்பளம் 32,000. வீட்டுக் கடன் தவணை 17,500. மகள் என் பள்ளியிலேயே பாதிக் கட்டணத்தில் ஆறாம் வகுப்பு. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் நடுக் கல்வியாண்டில் வேண்டாம், ஏப்ரல் 30 அன்று போங்கள். இப்போது நவம்பர். இடையில் இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன.

முதலில் உங்கள் கடிதத்தையே ஒருமுறை திருப்பிப் படியுங்கள். பேப்பர் கட்டு, வாட்ஸ்அப், அட்மிஷன் என்று நீங்கள் எழுதிய எதுவும் வகுப்பறைக்குள் நடப்பதல்ல. பிள்ளைகளைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. ஆகவே உங்களை வாட்டுவது ஆசிரியர் தொழிலா, இந்தப் பள்ளியா என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று வாரம், தினமும் இரவு இரண்டே வரி: இன்று எந்தப் பீரியட், எந்த வேலை ஆளை உறிஞ்சியது, எது பரவாயில்லை. "மூன்றாம் பீரியட் 11-பி, ஒளியியல், நன்றாகப் போனது. நாலு மணிக்கு மீட்டிங், தலைவலி" என்கிற அளவுக்கு எழுதினால் போதும். மூன்று வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். கனமான நேரங்களில் பெரும்பங்கு வகுப்புக்கு வெளியே என்றால், எடிட்டர் வேலையோடு சேர்த்து வேறு பள்ளிகளையும் பாருங்கள். அட்மிஷன் இலக்கு உண்டா, வாரத்துக்கு எத்தனை பீரியட், சப்ஸ்டிட்யூஷன் (வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுப்பது) போக மீதி எத்தனை என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். வாரம் முப்பதைத் தாண்டும் பள்ளி என்றால் திருத்தும் வேலை வீட்டுக்குத்தான் வரும். கனமெல்லாம் வகுப்புக்குள்ளேயே என்றால் தொழிலை மாற்றுவதுதான் சரி. இரண்டில் எது என்றாலும் ஏப்ரல் வரை செய்ய வேண்டியது ஒன்றேதான்.

இனி கணக்கு. 38,000 கழித்தல் 26,000, வித்தியாசம் 12,000 என்று எல்லோரும் போடும் கணக்கையே நீங்களும் போட்டிருக்கிறீர்கள். உண்மையான பள்ளம் அதைவிடப் பெரியது.

மகளின் கட்டணச் சலுகை போய்விடும். முழுக் கட்டணம் ஆண்டுக்கு 84,000 என்று வைத்தால் பாதி 42,000, அதாவது மாதம் 3,500. இதுவரை உங்கள் ஸ்கூட்டரிலேயே வந்து போன பெண்ணுக்கு இனி வேன் வேண்டும். 1,800 என்று வையுங்கள். பள்ளி எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு, வேலையை விட்டதும் நின்றுவிடும். குடும்பத்துக்குத் தனிப் பாலிசி ஆண்டுக்கு 24,000 என்றால் மாதம் 2,000. சேர்த்தால் 19,300. வரவுப் பக்கம், தினமும் 36 கிலோமீட்டர் போனது 8 ஆகிறது. மாதம் பதினைந்து லிட்டர் பெட்ரோல், 1,500. களைத்து வந்து கடையில் வாங்கும் இட்லி மாவு, சப்பாத்தி, ஹோட்டல் பார்சலில் ஒரு 1,300 மிச்சமாகலாம். ஆக நிகரப் பள்ளம் 16,500. (வருமான வரி இதை ஈடுகட்டாது. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மாதச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. இரண்டு சம்பளத்துக்குமே வரி பூஜ்யம்தான்.)

ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். பள்ளியில் 45, வீட்டில் திருத்துவது 12, பயணம் 9 என்று வாரம் 66 மணி நேரம் போகிறது. விடுமுறைகள் போக 42 வாரம் என்றால் ஆண்டுக்கு 2,772 மணி. மணிக்கு 165 ரூபாய். புதிய வேலை பயணத்தோடு வாரம் 47 மணி, 50 வாரம், 2,350 மணி, மணிக்கு 133. மே மாத விடுமுறையைச் சேர்க்காமல் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். அதை நம்பி வேலையை விட்டவர்கள் முதல் மே மாதத்திலேயே தடுமாறுகிறார்கள். பிள்ளை வீட்டில் இருக்கும், அம்மா ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். மகளை மே மாதம் யாரிடம் விடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். இருந்தாலும் ஆண்டுக்கு 422 மணி நேரம் உங்கள் கைக்குத் திரும்புகிறது. உங்கள் உடல் இருக்கும் நிலையில் அது சின்ன விஷயமல்ல.

இப்போது இருவர் சம்பளமும் சேர்ந்து 70,000. கடன் தவணை 17,500, வீட்டுச் செலவு 33,000, ஏலச்சீட்டு 5,000, நகைச்சீட்டு 5,000, பள்ளிக் கட்டணம் 3,500 என்பது போல ஓடும் குடும்பமாக இருந்தால் மீதி 6,000 நிற்கும். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதுதான். 16,500 பள்ளத்தில் நகைச்சீட்டை முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் 5,000, மாத மீதி 6,000. பாக்கி 5,500. அதை வீட்டுச் செலவில்தான் குறைக்க வேண்டும்: 33,000 இனி 27,500 ஆக வேண்டும். ஏலச்சீட்டை நடுவில் நிறுத்தாதீர்கள். தள்ளுபடி எல்லாம் போய், கட்டியதும் உடனே கைக்கு வராது.

குறைக்க முடியுமா என்பதைக் காகிதத்தில் முடிவு செய்ய முடியாது, வாழ்ந்துதான் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் சம்பளம் விழுந்த அன்றே 11,500 ரூபாயை ஏடிஎம் கார்டு இல்லாத ஒரு தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நகைச்சீட்டுப் பணம் 5,000 ஏற்கெனவே போகிறது என்பதால் இரண்டும் சேர்ந்து 16,500 ஆகிவிடும். மாதக் கடைசியில் மாற்றினால் எதுவும் மிஞ்சியிருக்காது. முதல் நாளே மாற்றுவது முக்கியம். டிசம்பரைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விடுமுறை, ஊர்ப் பயணம் என்று செலவு ஏறும் மாதம் ஒன்றாவது சோதனையில் இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் அந்தக் கணக்கில் ஒருமுறைகூடக் கை வைக்கவில்லை என்றால் 26,000 சம்பளத்தில் உங்கள் குடும்பம் நிற்கும். இரண்டு முறை எடுத்துவிட்டீர்கள் என்றால் கடன் தவணைக் காலத்தை நீட்டிக்க வங்கியில் கேட்பது, மகளைக் கட்டணம் குறைந்த பள்ளிக்கு மாற்றுவது என்று வேறு இடத்தில் வெட்ட வேண்டும். மூன்று மாதச் சேமிப்பு 34,500 கையில் இருக்கும். அதுவும் வீண் போகாது.

அடுத்தது கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை. தனியார் பள்ளிகளில் அதிகம் ஏமாற்றப்படுவது இதில்தான். "டீச்சர்களுக்கு அதெல்லாம் கிடையாது மேடம்" என்று அலுவலகத்தில் சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அந்தப் பழைய பேச்சு இன்னும் பள்ளிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஒரே பள்ளியில் ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் உரிமை உண்டு. கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டுகள். அவை இரண்டும் சேர்ந்து உங்களுக்கு 22,000 என்றால் 9 ஆண்டுக்கு 1,14,231 ரூபாய். விலகியதும் எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உரிய அலுவலரிடம் மனு போடலாம், அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.

இந்தப் பணத்தை வீட்டுக் கடனில் கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். சேமித்த 34,500-உடன் சேர்ந்து 1,48,731. புதிய சம்பளத்தில் குடும்பத்துக்கு இரண்டரை மாதச் செலவு. புதிய இடத்தில் தகுதிகாண் காலம் முடியும்வரை உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான்.

பி.எஃப். பணத்தை எடுக்காமல் மாற்றுங்கள். அதற்கும் முன், பழைய பள்ளியின் 4 ஆண்டு ஒரே யூ.ஏ.என். எண்ணுக்குக் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கீழ் சேர்ந்திருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். மாத ஓய்வூதியத் தகுதிக்கு 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். உங்கள் 9 தனியாக நின்றால் பத்தாது. 4-உம் சேர்ந்தால் 13. பழைய பள்ளி 'வெளியேறிய தேதி'யைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பதுதான் மாற்றம் நிற்பதற்கு வழக்கமான காரணம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அதை இணையத்தில் நீங்களே பதிவு செய்யலாம். பெயரில் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப்.-இல் வேறு மாதிரியும் இருந்தாலும் நிற்கும். வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள், வெளியே வந்தபின் பள்ளியின் ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு.

மருத்துவக் காப்பீட்டை ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே, குழுக் காப்பீடு உயிரோடு இருக்கும்போதே எடுங்கள். புதிய பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு இருக்கலாம். குரல் நாண் முடிச்சை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் வேறு நோய்க்கான கோரிக்கையும் சிக்கலாகும்.

நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை சில. 26,000 என்பது உண்மையிலேயே கைக்கு வருவதா, அல்லது நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதமும் உள்ளடங்கிய மொத்தமா? ஊழியராகவா, 'கன்சல்டன்ட்' ஆகவா? கன்சல்டன்ட் என்றால் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள், பி.எஃப். இருக்காது, விடுப்புச் சம்பளம் இருக்காது. அந்த 26,000 வேறு கணக்கு. பாடநூல் வேலை பாடத்திட்டம் மாறும் ஆண்டில் குவிந்து, அடுத்த ஆண்டு வற்றும். எடிட்டர் குழுவில் மூன்று ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். யாருமே இல்லை என்றால் இன்னொரு இடம் பாருங்கள்.

ஒரு மாதத்தில் வரச் சொல்கிறார்களே என்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு ஜனவரியில், எழுத்துத் தேர்வு பிப்ரவரி நடுவில். இப்போது விட்டால் பிள்ளைகள் பாவம், அனுபவச் சான்றிதழும் இழுபறியாகும், நோட்டீஸ் காலச் சம்பளமும் போகும். "மே முதல் வாரம் சேர்கிறேன், அதுவரை மாதிரிக்கு இரண்டு அத்தியாயம் திருத்தித் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். வெளி வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை பள்ளி நியமன ஆணையில் இருந்தால் இரண்டாவது பாதியைச் சொல்ல வேண்டாம். இயற்பியல் வகுப்பெடுத்த கை எடிட்டிங்குக்குக் கிடைப்பது அரிது. காத்திருக்க வாய்ப்பு உண்டு.

குரல் ஏப்ரல் வரை காத்திருக்காது. கழுத்தில் மாட்டும் மைக், இடுப்பில் கட்டும் சிறு ஸ்பீக்கர், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். நாளைக்கே வாங்குங்கள். பின்வரிசை சத்தத்தை மேல்குரலில் அடக்குவதை நிறுத்தி, மேசையைத் தட்டி, அடங்கியபின் பேசுங்கள். இந்த வகை முடிச்சுக்குப் பெரும்பாலும் முதலில் தருவது குரல் பயிற்சிதான். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள். வேலையை விட்டபின் டியூஷன் எடுத்துப் பள்ளத்தை நிரப்பலாம் என்று தோன்றும். வாரம் இரண்டு மாலை, எட்டுப் பிள்ளைக்கு மேல் வேண்டாம். அதுவும் குரல் தேறிய பிறகு.

ஞாயிறு நெஞ்சடைப்பை ஒரு மருத்துவரிடம் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள், மன அழுத்தம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் ஓய்வெடுத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அப்படியொரு நிலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், முதலில் விடுப்பு எடுங்கள்.

இதைப் படிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலமே போய்விடும். விருப்ப ஓய்வுத் தகுதி வரும்வரை நீண்ட விடுப்பு, இடமாறுதல் என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் நியமன ஆணையில் மூன்று மாத நோட்டீஸ் என்றால் கடிதம் ஜனவரி 31-க்குள் போக வேண்டும். மின்னஞ்சலில் ஒன்று, அலுவலகத்தில் முத்திரை வாங்கிய நகல் ஒன்று. கடிதத்தில் குறை எதுவும் எழுதாமல், கடைசி வேலை நாள் ஏப்ரல் 30 என்று தேதியோடு குறிப்பிடுங்கள். அசல் சான்றிதழ்கள் பள்ளியில் இருந்தால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, வங்கிக்கோ வேறு தேவைக்கோ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நீதிமன்றம் போய் வாங்குவதைவிடக் கேட்டு வாங்குவது சுலபம். ஏப்ரல் கடைசியில் பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை, எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எத்தனை ஆண்டு என்று எழுதிய அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வாங்காமல் சாவியையும் லேப் ரெஜிஸ்டரையும் ஒப்படைக்காதீர்கள். ஒரு நாள் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பத் தோன்றினால் முதலில் கேட்கப்போவது அந்த அனுபவச் சான்றிதழைத்தான்.