பளிங்கு போன்ற நீரிலும் மீன் இறப்பது ஏன்?

கேள்வி: புதிதாக 60 லிட்டர் மீன்தொட்டி ஒன்றை வாங்கி, குளோரினை முறிக்கும் திரவத்தை ஊற்றி, வடிகட்டியை இரண்டு நாள் ஓடவிட்ட பிறகுதான் ஆறு மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் அவை நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்து நாளுக்குள் நான்கு இறந்துவிட்டன. நீரோ கடைசிவரை பளிங்கு போலத்தான் இருந்தது. தொட்டியில் ‘நல்ல பாக்டீரியா’ இல்லாததே காரணம் என்கிறார்கள். அதை எப்படி உண்டாக்குவது?

பதில்: அவர்கள் சொன்னது சரியே. உங்கள் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாவாகத்தான் இருக்கும்; அதற்கு நிறம் கிடையாது என்பதால் நீரின் தெளிவைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மீன்கள் அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செவுள்கள் வழியாகவே இடைவிடாமல் நீரில் கலக்கின்றன. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியிலிருந்தும் அது வருகிறது. செவுள்கள் அம்மோனியாவால் புண்படும்போது மீனால் சரிவர மூச்சுவிட முடிவதில்லை. நீங்கள் கண்ட வாயசைவு அதன் அறிகுறிதான்.

இந்த நஞ்சை மாற்றும் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகின்றன; இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. நடுவில் தோன்றும் நைட்ரைட்டும் லேசான நஞ்சல்ல. அது மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த முடியாதபடி மாற்றிவிடுவதால், செவுள்கள் செந்நிறம் இழந்து பழுப்பாகத் தெரியும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. அதை அவ்வப்போது நீர் மாற்றியே கட்டுக்குள் வைக்கலாம். (இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பழைய கையேடுகளில் படித்திருப்பீர்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா செய்கிறது என்பது 1990களின் ஆய்வுகளில் தெரியவந்தது. இரண்டு கட்டத்தையும் தானே முடித்துவிடும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015இல் வெளியானது.)

இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டியின் ஸ்பாஞ்ச், சரளைக்கல், கண்ணாடி போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. குடல் பாக்டீரியா சில இருபது நிமிடத்தில் இரட்டிக்கும் என்றால், இவை இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அம்மோனியாவே இல்லாத வெறும் நீரில் வடிகட்டியை இரண்டு நாள் ஓடவிட்டதால் குளோரின் போயிருக்கலாம், அவ்வளவுதான். உண்ண ஒன்றுமில்லாத இடத்தில் எந்த உயிர் பெருகும்?

ஆகவே மீனை விடுவதற்கு முன்பே அம்மோனியாவைக் கொடுத்து இவற்றை வளர்ப்பதுதான் என் பார்வையில் நேர்மையான வழி. மணமும் சோப்பும் கலக்காத அம்மோனியாக் கரைசலையோ அம்மோனியம் குளோரைடையோ லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு வரும்வரை சேர்த்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை சோதித்து வாருங்கள். பரவலாகக் கிடைக்கும் சொட்டுச் சோதனைகளில் அம்மோனியா இல்லாத நீர் மஞ்சளாக நிற்கும். இருந்தால் பச்சை ஏறும். முதல் வாரம் அந்தப் பச்சை அசையாது. பொறுமை இழந்து பலர் தொட்டியைக் கலைத்துவிடுவது இந்த இடத்தில்தான். பிறகு ஒரு நாள் பச்சை வெளுக்கத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். நைட்ரைட் இறங்குவதற்கு அம்மோனியா இறங்கியதைவிடக் கூடுதல் நாளாவது இயல்பு. அம்மோனியா தீர்ந்த பின்பே அடுத்த தவணையைச் சேருங்கள். அளவு மீறிக் கொட்டினால் வேலை விரைவதில்லை, தடைப்படவே செய்யும். மாலையில் சேர்த்த 2 மில்லிகிராம், மறுநாள் மாலைக்குள் அம்மோனியாவாகவும் இல்லாமல் நைட்ரைட்டாகவும் இல்லாமல் போனால் தொட்டி தயார். இதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதன்பின் பாதிக்கு மேற்பட்ட நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, மீன்களைச் சிலவாக விடுங்கள்.

நீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பதும், காற்றுக்குமிழிகள் நிற்காமல் வருவதும் இந்த நுண்ணுயிரிகளுக்கு ஏற்றவை. இவற்றின் வேலையே நீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும் என்பதால், நன்றாக இறங்கிக்கொண்டிருந்த அம்மோனியா திடீரென நின்றுவிட்டால் முதலில் பி.எச். அளவைப் பாருங்கள். அது 6க்கு அருகில் வந்திருந்தால், ஒரு பகுதி நீரை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், நோயற்ற அவருடைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, உலரவிடாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வையுங்கள். வாரங்கள் நாட்களாகச் சுருங்கக்கூடும். அவருடைய தொட்டி நீரைக் குடம் குடமாகக் கொண்டுவருவதில் பயன் அதிகமில்லை.

எஞ்சியிருக்கும் இரண்டு மீன்களை அந்த நண்பரிடமே ஒப்படைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள நீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை சிட்டிகையளவு தீனி மட்டும் போடுங்கள். அப்போதும் பாக்டீரியா வளரும், மெதுவாக.

கேள்வி: புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் போதாதா?

பதில்: உயிரோடு இருந்தால் உதவும், வெப்பத்தில் கிடந்த புட்டியில் அவை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஊற்றினாலும் மேற்சொன்ன சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: ஓராண்டாக நன்றாக இருந்த தொட்டியில், ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் வெளுக்கக் கழுவிய மறுவாரமே மீன்கள் வாடுகின்றனவே?

பதில்: அழுக்கோடு சேர்த்துப் பாக்டீரியாவையும் கழுவிவிட்டீர்கள், மிஞ்சியதைக் குழாய் நீரின் குளோரின் கொன்றிருக்கும். இனி, தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தெடுத்தால் போதும். அது பழுப்பாகவே இருக்கட்டும்.