கண்ணாடியை வலுவாக்க எந்த முறை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1.1 மி.மீ. தடிமனில் ஒரு கருவிக்கு முகப்புக் கண்ணாடி வேண்டும். டெம்பரிங் செய்யலாமா?

பதில்: வேண்டாம். டெம்பரிங்கில் கண்ணாடியை 620–650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பு அமுக்கத்துக்கு உள்ளாகும். கண்ணாடிக்கு வலு தருவது அந்த அமுக்கம்தான். அதற்கு உள்ளும் புறமும் வெப்பநிலை நன்றாக வேறுபட வேண்டும். 2 மி.மீ.க்குக் கீழே போனாலே அது கடினம்.

உங்களுக்கு ஏற்றது வேதிமுறை. சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் பல மணி நேரம் மூழ்க வைத்தால், கண்ணாடியிலிருந்து சோடியம் அயனிகள் வெளியேறும். அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கிக்கொண்டு அமரும். தடிமன் இதற்குத் தடையே இல்லை. ஆனால் கண்ணாடியின் வகையைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியான சோடா-லைமில் அமுக்க அடுக்கின் ஆழம் பெரும்பாலும் 10–20 மைக்ரான்தான். சற்று ஆழமான கீறல் அதைத் தாண்டிவிடும். அலுமினா கலந்த அலுமினோசிலிக்கேட் கண்ணாடியில் அடுக்கு இன்னும் ஆழமாக இறங்கும், அமுக்கமும் கூடும். கீறல் படும் இடமென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: உலைக்கான குவார்ட்ஸ் சாளரத்தை டெம்பர் செய்து தர யாரும் சம்மதிக்கவில்லை. ஏன்?

பதில்: அவர்கள் சொல்வது சரி. வெப்பத்தில் விரியும் கண்ணாடியில்தான் டெம்பரிங் வேலை செய்யும். சோடா-லைம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரிகிறது. குவார்ட்ஸ் கண்ணாடி அதே கணக்கில் வெறும் 0.5 பங்குதான். மாற்றிக்கொள்ள சோடியமும் இல்லாததால் வேதிமுறையும் எடுபடாது. போதிய தடிமன், நன்கு மெருகேற்றிய விளிம்பு, நெருக்காத சட்டம் ஆகியவற்றில் கவனம் செலுத்துங்கள். போரான் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடியின் விரிவு 3.3 பங்கு. தடிமனான தகடாக இருந்தால் அதை டெம்பர் செய்யலாம். ஆனால் உள்ளே பார்ப்பதற்கான சாளரமாக டெம்பர் செய்த இந்தக் கண்ணாடியை வழக்கமாக 280 டிகிரிக்கு மேல் பயன்படுத்துவதில்லை. தொடர்ந்து அதிகச் சூட்டில் இருந்தால் ஏற்றிய அமுக்கம் தளர்ந்துவிடும்.

கேள்வி: டெம்பர் செய்த பிறகு துளையிடலாமா?

பதில்: கூடாது, நொறுங்கிவிடும். வெட்டு, துளை, விளிம்புத் தேய்ப்பு எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி: பெரிய தகடு நடுவில் தொய்கிறது. வலுவூட்டினால் நிமிருமா?

பதில்: நிமிராது. உடையாமல் தாங்கும் திறன் மட்டும்தான் கூடும்; கண்ணாடி என்ற பொருளின் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கலிலேயே நிற்கும். தடிமனைக் கூட்டுங்கள். இரு மடங்காக்கினால் தகடு வளையாமல் நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகும். தொய்வுக்குக் காரணம் தகட்டின் சொந்த எடை மட்டும் என்றால் எடையும் இரட்டிப்பதால் தொய்வு கால் பங்காகக் குறையும்.

கேள்வி: தலைக்கு மேல் பொருத்த டெம்பர்டு போதுமா?

பதில்: தனியாகப் போதாது. உள்ளே நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால், அது மெல்லப் பருத்து, ஒருநாள் தட்டாமலே உடைத்துவிடும். சூட்டில் வைத்துச் சோதிக்கும் ஹீட் சோக் முறை அந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. வேதிமுறைக் கண்ணாடியோ கூரிய பெரிய துண்டுகளாகவும் உடையக்கூடும். ஆகவே பாதி வலுவேற்றிய ஹீட்-ஸ்ட்ரெங்தன்டு தகடுகள் இரண்டை நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து லேமினேட் செய்யச் சொல்லுங்கள். உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும். கீழே ஆட்கள் நடமாடும் இடத்தில் இதைச் செலவு கருதித் தவிர்க்காதீர்கள்.