சுறா வறையும் பிளேன்ரீயும்: தீவகத் தாய்மார் கேட்டவை

(யாழ்ப்பாணத் தீவகத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவரின் பதில்கள்)

நெடுந்தீவு: ஐந்து மாதக் கர்ப்பிணி. இரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 9.8 என்றார்கள். காற்றுக்காலத்தில் குறிகட்டுவான் துறையிலிருந்து படகு ஓடாவிட்டால் மரக்கறி இல்லை. என்ன சாப்பிடுவது?

கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. வேலியில் முருங்கை நிற்கும்போது படகை ஏன் பார்க்கிறீர்கள், தங்கச்சி? கீரையில் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. தேசிக்காய்ப் புளி விட்டு, ஒரு துண்டு மீனோடு சாப்பிட்டால் கூடச் சேரும். ஆனால் 9.8ஐ ஏற்றக் கீரை மட்டும் போதாது. இரும்பு மாத்திரையை விடாதீர்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போடுங்கள். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) வேண்டாம். ஒரு மணித்தியாலமாவது போகட்டும். தேயிலைச் சாயம் இரும்பைச் சேரவிடாது.

அனலைதீவு: இரும்பு மாத்திரை குமட்டுகிறது. பிளேன்ரீயோடு விழுங்கலாமா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்? இரவில் படுக்கும்முன் தண்ணீரோடு விழுங்குங்கள்.

புங்குடுதீவு: கர்ப்பிணி என்று எனக்குத் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லாரும் சாப்பிடலாமா?

ஒரு வீட்டில் பார்த்தேன். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து ஐந்து உருண்டை. தாத்தாவுக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்று, கணவருக்கு ஒன்று. கர்ப்பிணி சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். மாதம் இரண்டு பக்கற், ஒன்று 750 கிராம். நாளுக்கு 50 கிராம், ஒரே ஆளுக்கு. அந்த ஆள் நீங்கள்.

நயினாதீவு: மகளுக்குப் பிள்ளை பிறந்து 12 நாள். பால் ஊறச் சுறா வறை கொடுக்கிறேன். கூடாது என்கிறார்களே?

பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன அதன் சதையில் பாதரசம் சேரும். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது; அதனால் கர்ப்பகாலத்தில் சுறாவே வேண்டாம். பாலூட்டும்போது வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், அக்கா.

அவரே மீண்டும்: பால்சுறா சின்ன மீன். பெயரிலேயே பால் இருக்கிறதே!

பெயர் வைத்தவர்களும் உங்களைப் போல நம்பியவர்கள்தான். சின்னதில் பாதரசம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவோடு வறுத்த பிறகு அது குட்டியா கிழடா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பால் சுரப்பது பிள்ளை உறிஞ்சுவதால். குறைவாகத் தோன்றினால் பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று முதலில் பாருங்கள்.

வேலணை: நான் நாலு பிள்ளைக்கும் சுறா தின்றேன். நாலும் பல்கலைக்கழகம் போனது.

வாழ்த்துகள். முருங்கைக்கீரையும் தின்றிருப்பீர்களே, அதன் பெயரை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? சுறாவுக்காக வாதாடுகிற இதே வீடுகளில்தான் பத்தியம் என்று முட்டையையும் பழத்தையும் நிறுத்துகிறார்கள். எனக்குக் கோபம் அதில்தான். சூடை என்ற சின்ன மீனை முள்ளோடு நன்றாக அவித்துக் கொடுங்கள், கல்சியமும் கிடைக்கும்.

எழுவைதீவு: நாலு மாதப் பிள்ளை. வெயிலுக்குக் கொதித்தாறிய தண்ணீர் கொடுக்கலாமா?

6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும். ஒரு கரண்டி தண்ணீரும் வேண்டாம்.

நெடுந்தீவு: பால் விட்ட தேநீர் என்றாலும் ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டுமா?

ஆம். கோப்பிக்கும்தான். இனித் தேநீரைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.