உறைபனிக்கு முன் தோட்டக் குழாய்கள்: கேள்வி-பதில்

கேள்வி: வெளியே தெரியும் குழாய், வால்வு எல்லாவற்றுக்கும் ஃபோம் உறை போட்டு, மேலே சாக்கும் சுற்றினேன். அப்படியும் பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வால்வு) நடுவில் பிளந்துவிட்டது. ஏன்?

பதில்: உறை சூடு தராது. இருக்கிற சூடு வெளியேறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒரு ராத்திரி லேசாக உறைந்து காலையில் வெயில் வந்துவிட்டால் காப்பாற்றும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே இருந்தால், உள்ளே ஓடாமல் நிற்கும் தண்ணீர் உறைந்தே தீரும். உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். விரிய இடம் இருந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் அடைபட்டிருந்தால், எந்தப் பாகம் பலவீனமோ அது போகும்.

பால் வால்வில் இது கண்ணில் படாமல் நடக்கிறது. கைப்பிடியைக் குறுக்கே திருப்பி மூடும்போது, துளையிட்ட உருண்டைக்குள் நிறைந்திருந்த தண்ணீர் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. இரு பக்கக் குழாயையும் சுத்தமாக வடித்தாலும் அந்த ஒரு மடக்கு வெளியே வராது. வால்வின் உடலைப் பிளக்க அதுவே போதும். ஆகவே உறையாத இடத்தில் இருக்கும் மெயின் வால்வை முழுதாக மூடி, லைனை வடித்தபின், வெளியிலுள்ள பால் வால்வுகளின் கைப்பிடியைப் பாதியில், 45 டிகிரியில், நிறுத்திவிடுங்கள். பேக்ஃப்ளோ தடுப்பான் (தோட்டத் தண்ணீர் குடிநீர் லைனுக்குத் திரும்பிப் போகாமல் தடுப்பது) இருந்தால் அதன் இரண்டு வால்வுகளுக்கும், பக்கத்திலுள்ள சின்ன டெஸ்ட் திருகுகளுக்கும் இதே வைத்தியம். உறை போடுவதானால் வடித்த பிறகு போடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங்க்ளர் லைனில் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்ற, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரெஸர் போதுமா? எவ்வளவு அழுத்தம் வைப்பது?

பதில்: போதாது. இங்கே வேலை செய்வது அழுத்தம் இல்லை, காற்றின் அளவு. சின்ன கம்ப்ரெஸரின் முள் 100 பிஎஸ்ஐ காட்டும்; ஆனால் நிமிடத்துக்கு 2 முதல் 5 கன அடி காற்றுதான் தரும். அந்தக் காற்று குழாயின் மேல்பாதியில் வழுக்கிக்கொண்டு போய்விடும், தண்ணீர் அடியிலேயே படுத்திருக்கும். வீட்டுத் தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் ஸோன் (ஒரே வால்வில் சேர்ந்து ஓடும் ஸ்பிரிங்க்ளர்களின் தொகுதி) ஒன்றுக்கே நிமிடத்துக்கு 20 கன அடியாவது வேண்டும். பெரிய கம்ப்ரெஸரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சரி.

காற்று போதாததை அழுத்தத்தால் ஈடுகட்டப் பார்ப்பதில்தான் பலர் குழாயை இழக்கிறார்கள். பிவிசி லைனுக்கு 80 பிஎஸ்ஐ, அதாவது 5.5 பார், உச்சவரம்பு. கறுப்பு பாலிஎத்திலீன் லைனுக்கு 50 பிஎஸ்ஐ, 3.5 பார். ரெகுலேட்டரில் இதற்குக் கீழே வைத்துவிட்டுத்தான் ஹோஸை மாட்ட வேண்டும்.

மெயின் வால்வை மூடி, பேக்ஃப்ளோ தடுப்பானைத் தாண்டிய இடத்தில் காற்று ஹோஸைப் பொருத்துங்கள். தடுப்பானுக்குள் காற்றை விடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் அதைத் தாங்காது. முதலில் கன்ட்ரோலரில் ஒரு ஸோனைத் திறங்கள். கம்ப்ரெஸரில் இருந்து தூரத்திலோ மேட்டிலோ இருப்பது முதலில். பிறகுதான் காற்றை மெல்ல விட வேண்டும். எல்லா ஸோனும் மூடியிருக்க கம்ப்ரெஸர் ஓடவே கூடாது.

ஸ்பிரிங்க்ளர் முதலில் தண்ணீரையே பீய்ச்சும். பிறகு விட்டுவிட்டுத் துப்பும். கடைசியில் வெறும் புகைபோல வரும், அப்போது நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு 2 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சுழலும் ஸ்பிரிங்க்ளரின் பல்சக்கரங்களைக் குளிர்விப்பது ஓடும் தண்ணீர்தான். வெறும் காற்றில் அதிவேகமாகச் சுற்றினால் சூடேறி உருகும். ஒரே மூச்சில் நீளமாக அடிப்பதைவிட, எல்லா ஸோனையும் முடித்துவிட்டு இன்னொரு குட்டிச் சுற்று போவது நல்லது. பள்ளத்தில் மிச்சமிருந்த தண்ணீர் அதற்குள் கீழே கூடியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்க்ளர் தலைக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள்.

கேள்வி: சொட்டுநீர் குழாய்களை எல்லாம் சுருட்டி உள்ளே வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மெல்லிய பாலிஎத்திலீன் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும், சொட்டுவான்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உடைவது தலைப்பகுதிதான்: ஃபில்டர் கிண்ணம், அழுத்தக் குறைப்பான், உர வென்சுரி (உரக் கரைசலைத் தண்ணீரோடு உறிஞ்சிக் கலக்கும் பாகம்). இவற்றைக் கழற்றி, உதறி, உறையாத அறையில் வையுங்கள். குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்து, பள்ளமான முனை வழியாக வடியவிடுங்கள். காற்றடித்தால் 30 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டாம். வடிந்தபின் பூச்சி நுழையாதபடி மூடியை லேசாகப் போட்டுவைக்கலாம்; இறுக்க வேண்டாம்.

கேள்வி: குழாயில் மாட்டும் பேட்டரி டைமர்?

பதில்: கழற்றி உள்ளே எடுங்கள், பேட்டரியை உருவுங்கள். கழற்றுமுன் டைமரின் வால்வைத் திறந்த நிலையில் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். கூடவே ஹோஸையும் கழற்றுங்கள். உறையாத வகைச் சுவர்க்குழாய் வைத்திருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அதன் வால்வு சுவருக்கு உள்ளே இருக்கும். மூடியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது, சுவருக்குள்ளேயே குழாய் வெடிக்கும். குளிர்காலம் முழுக்கத் தெரியாது. பிறகு முதன்முதலாகத் திறக்கும் அன்று தண்ணீர் அறைக்குள் வரும்.

கேள்வி: கிணற்று மேட்டில் மோட்டார் பம்ப் இருக்கிறது. அடியிலுள்ள பிளக்கைத் திறந்தால் போதுமா?

பதில்: பாதி வேலைதான். மேலே தண்ணீர் ஊற்றும் பிளக்கையும் திறந்தால்தான் காற்று உள்ளே போய் முழுதும் இறங்கும். இல்லாவிட்டால் சில சொட்டோடு நின்றுவிடும், காலியாகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். உறிஞ்சு குழாயில் நிற்கும் தண்ணீரை அதன் அடிமுனையிலுள்ள ஒருவழி வால்வு, அதாவது ஃபுட் வால்வு, பிடித்துவைத்திருக்கும். அதனால் பம்ப் பக்கத்து யூனியனை (திருகிக் கழற்றும் இணைப்பை) கழற்றி, வெளியே தெரியும் துண்டைத் தனியாக எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். பிளக்குகளை ஒரு பையில் போட்டு பம்பிலேயே கட்டுங்கள். பத்திரமாக எங்கோ வைத்த பிளக்தான் தேவைப்படும்போது கிடைக்காது. மறுபடி ஓட்டுமுன் தண்ணீர் நிரப்ப மறந்தால் மெக்கானிக்கல் சீல் (சுழல்தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) கருகிவிடும்.

கேள்வி: கார் கூலன்டை லைனில் ஊற்றிவிடலாமா?

பதில்: கூடாது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது விஷம். நாய், பூனைக்கு ஆபத்து, குடிநீர் லைனோடு இணைப்பிருந்தால் உங்களுக்கும்.

கேள்வி: ஏற்கெனவே உறைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: மெயினை மூடி, கடைசிக் குழாயைத் திறந்து வையுங்கள். அந்த முனையிலிருந்து உறைந்த இடம் நோக்கி ஹேர் டிரையரோ வெந்நீர்த் துணியோ வைத்துக்கொண்டு வாருங்கள். தீயைக் காட்டாதீர்கள், பிவிசி இளகும், நடுவில் சிக்கிய நீராவி உலோகக் குழாயையே வெடிக்க வைக்கும். விரிசல் இருந்தாலும் பனிக்கட்டியே அதை அடைத்திருக்கும், உருகிய பிறகுதான் ஒழுகும். அதனால் எல்லாம் உருகியபின் மெயினைக் கால் திருகு மட்டும் திறந்து, காற்று வெளியேறும்வரை காத்திருந்து, பிறகு முழுதாகத் திறங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் குட்டி முள்ளைப் பாருங்கள். அது இன்னும் அசைந்தால் எங்கோ ஒழுகுகிறது.