அட்டை இருக்கிறது, சம்பளச் சீட்டு இல்லை: திருகோணமலை நிருபர்களின் கேள்விகள்

பிரதேச நிருபர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அனுப்பியவர்களின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், சிலருக்கு ஊரும் இல்லை.

ஒன்பது வருடமாக ஒரே பத்திரிகைக்கு எழுதுகிறேன். செய்திக்கு இவ்வளவு என்று காசு வரும். ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலத்துக்கென்று சம்பளத்தோடு சேர்கிற நிதி) கேட்டால் "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை" என்கிறார்கள். அது சரியா, அண்ணன்? (மூதூர்)

அவர்கள் சொல்வதாலேயே அது சரியாகிவிடாது, தம்பி. சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டுக்குரியது. மாதச் சம்பளக்காரரை மட்டும் பார்த்து எழுதப்பட்டதில்லை. தற்காலிகமாக, நாட்கூலிக்கு, செய்த வேலையின் அளவுக்குக் கூலி வாங்குகிறவர்களும் அதற்குள் வருகிறார்கள். உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே அவர்கள் சொல்படி வேலை செய்கிறவரா, அல்லது நாலு பத்திரிகைக்கு ஒரே செய்தியை அனுப்புகிறவரா? நாலு இடத்துக்கு அனுப்பினால் வாதம் பலவீனம்தான். ஆனால் நம் ஆட்கள் ஏன் நாலு இடத்துக்கு அனுப்புகிறார்கள்? ஒரு இடத்துக் காசு பெட்ரோலுக்கும் காணாது. வெருகலில் நடந்த ஒரு விபத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தவனுக்கு, அந்தச் செய்தி ஐந்து வரியாக வெளிவந்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே இன்றிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள். அவர்கள் தந்த அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அது, "நாளை கச்சேரிக் (மாவட்டச் செயலக) கூட்டத்துக்குப் போங்கள்" என்று செய்தி ஆசிரியர் அனுப்பிய வாட்ஸ்அப், வங்கியில் காசு விழுந்த பதிவு. அதன் பிறகு தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நான் இதைச் செய்யாமல் ஏமாந்தவன். ஒரு பத்திரிகை ஏழு மாதக் காசைத் தராமலே விட்டது. என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை, எல்லாமே தொலைபேசியில் பேசியது. பெயர் வேண்டாம், இப்போது சொல்லியும் பயனில்லை.

இதைப் பாதுகாப்புக் கேள்வியாகவும் பாருங்கள். நாளை உங்களை யாராவது பிடித்துக்கொண்டு போனால் "இவர் எங்கள் நிருபர்" என்று கடிதம் தரவேண்டியது அதே அலுவலகம்தான். சேமலாப நிதிக்காக உங்களைத் தெரியாது என்றவர்கள், அன்றைக்கு மட்டும் தெரியும் என்பார்களா?

விசாரணைக்கு வரச்சொல்லி போனில் அழைப்பு வந்தது. என்ன விசயம் என்று சொல்லவில்லை. போக வேண்டுமா?

எந்தப் பிரிவு, எந்த அதிகாரி, எந்த விசயம், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரு கடிதம் வரும். எழுத்தில் அழைப்பு வந்தால் தட்டிக்கழிக்க வேண்டாம், சட்டத்தரணியோடு போங்கள். போவதற்கு முன் ஆசிரியருக்கும் வீட்டில் ஒருவருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு, "நாலு மணிக்குள் பேசாவிட்டால் இந்த இலக்கத்துக்கு எடு" என்று ஏற்பாடு செய்யுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 24 மணிநேர இலக்கம் 1996.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்தது. அதன் கீழ், எழுதியதற்காகவே, ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்டில் 20 வருடத் தண்டனை விதித்தார்கள், மறு வருடம் மன்னிப்புக் கிடைத்தது. பயப்படச் சொல்லவில்லை. தனியாகப் போகாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "பார்ப்போம், பார்ப்போம்" என்று ஆறு வாரம் கழித்து வருகிறவர்களுக்கு என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் வைக்கச் சொன்னார்கள்.

வாசிக்கத் தெரியாததில் வைக்காதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. தமிழில் எழுத ஆள் இல்லை என்றால், நீங்களே தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். எப்படியும் வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், கையொப்பத்துக்கு மேலே "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது" என்று தமிழில் எழுதிவிட்டு வையுங்கள்.

ஒவ்வொரு ஜனவரியும் சுகிர்தராஜனுக்கு விளக்கேற்றுகிறோம். அவர் எடுத்த படத்தில் அப்படி என்ன இருந்தது? நான் 2003இல் பிறந்தவள்.

நல்ல கேள்வி, தங்கச்சி. விளக்கேற்றும் பலருக்கே இது முழுதாகத் தெரியாது.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்துவிட்டது என்றுதான் முதலில் படைத்தரப்பு சொன்னது. நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். தலையில், கிட்ட நின்று சுட்ட காயங்கள் அதில் தெளிவாகத் தெரிந்தன. 'சுடர் ஒளி' பத்திரிகை அதை வெளியிட்டது. கைக்குண்டுக் கதை அதோடு முடிந்தது. 24ஆம் திகதி காலை, இதே நகரில், ஆளுநர் செயலகத்துக்குக் கிட்ட அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மாணவர்கள் வழக்கில் 2013இல் விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் ஒரு பொலிஸ்காரரும் கைதானார்கள். 2019 ஜூலையில் சாட்சியம் போதாது என்று திருகோணமலை நீதவான் 13 பேரையும் விடுவித்தார். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். சுகிர்தராஜனின் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

அவரும் முழுநேர ஊழியர் இல்லை, பகுதிநேர நிருபர். முதல் கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்று இப்போது விளங்கும்.

தொழில்ரீதியாக ஒன்று: அப்படியான படம் உங்கள் கையில் வந்தால், மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேர விபரமும் போய்விடும். மெமரி கார்ட்டை அப்படியே கழற்றி, வேறொருவரின் வீட்டில் வையுங்கள். பெயர் போடலாமா வேண்டாமா என்பதை ஆசிரியர் மட்டும் முடிவு செய்ய விடாதீர்கள்.

பேஸ்புக் பக்கம் நடத்துகிறேன். தகவல் திணைக்கள அட்டை இல்லை. நான் ஊடகவியலாளரா?

பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரையில் பிரஜைகள் எல்லோருக்கும் இருக்கிறது, அட்டைக்காரருக்கு மட்டும் என்று இல்லை. நடைமுறையில் அட்டை இல்லாவிட்டால் கூட்டத்துக்குள் விடமாட்டார்கள். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை. கோணேசர் கோயிலுக்கே இராணுவ முகாம் உள்ள கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். அங்கே திரியும் மானைப் படமெடுத்தாலும் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்து எடுங்கள்.

நேரலைதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. நீங்கள் நிற்கும் இடத்தை அந்த நிமிடமே ஊருக்குச் சொல்கிறது, பிழையாகச் சொன்னதைத் திருத்தவும் விடாது. இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்றுக்குச் சிறைத் தண்டனையும் இருக்கிறது. அந்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024 ஜனவரி 24. மேலே சுகிர்தராஜன் கொல்லப்பட்ட திகதியை ஒருதரம் திரும்பப் பாருங்கள். தற்செயல்தான், ஆனாலும்.

மணல் ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம். அரசியலைவிட இது கிட்டத்து ஆபத்து. ஆள் உங்கள் தெருவிலேயே இருப்பான். 2020இல் முல்லைத்தீவில் மரக்கடத்தலைப் படமெடுக்கப் போன இருவரை அடித்ததை மறக்க வேண்டாம். இரவில் ஆற்றங்கரையில் ஒளிந்திருந்து எடுப்பதைவிட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுமதிப்பத்திர விபரம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எத்தனை லோட் அனுமதி, எத்தனை லோட் போகிறது என்ற கணக்கே பாதிச் செய்தி.

ஆர்ப்பாட்டத்துக்குப் போகும்போது தலைக்கவசம் அலுவலகம் தருமா?

தர வேண்டும். தராது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நில்லுங்கள், முகம் மூடாத வகையாக இருக்கட்டும். மூடிய ஹெல்மெட்டோடு நின்றால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.