பேஸ் கிதாரில் நாட்டுப்பாட்டும் கன்ட்ரியும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தேவகோட்டை: அண்ணே, இப்போதுதான் பேஸ் வாங்கியிருக்கிறேன். முதலில் எந்தப் பாட்டை எடுக்கலாம்?

கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம், குறைவான பாட்டாக எடுங்கள் தம்பி. அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரியில் பேர் பெற்ற ஹேங்க் வில்லியம்ஸ் 1952இல் பாடிய 'ஜம்பலாயா'வுக்கு இரண்டே கார்ட், சி-யில் பாடினால் சி, ஜி, அவ்வளவுதான். பேஸுக்கு அதிலும் வேலை குறைவு, ஒவ்வொரு கார்டுக்கும் ஸ ஒன்று, ப ஒன்று, தம்புராவில் கேட்டுப் பழகிய அதே இரண்டு சுரம். சி என்றால் ஏ நரம்பில் மூன்றாம் ஃப்ரெட் (கிதார்க் கழுத்தில் குறுக்குக் கம்பி பிரிக்கும் கட்டம்), அதன் ப பக்கத்திலிருக்கும் தடித்த இ நரம்பில் அதே மூன்றாம் ஃப்ரெட், கையை நகர்த்தவே வேண்டாம். ஜி-க்கு மாறும்போது அந்த இ நரம்பு ஃப்ரெட்டே ஸ ஆகிவிடும், அதற்கு ப, டி நரம்பை வெறுமனே தட்டினால் வரும். ஒன்றாம், மூன்றாம் தட்டுக்கு நீங்கள், இரண்டாம், நான்காம் தட்டுக்குக் கிதார்க்காரர். காலில் தாளம் ஓடாமல் நரம்பில் விரல் வைக்காதீர்கள்.

பள்ளத்தூர்: நாலு நரம்பா, ஐந்து நரம்பா?

நாலு.

கோட்டையூர்: முளைப்பாரிக்கு எங்கள் தெருப் பெண்கள் கும்மி பாடுவார்கள். அவர்களோடு வாசிக்க முடியுமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை, மூன்று மூன்றாக எண்ணுவது, தகிட தகிட. முதல் தகிடவின் 'த'வில் ஸ, அடுத்த 'த'வில் ப. மேலே சொன்ன கன்ட்ரி வேலையேதான், நடை மட்டும் வேறு. சிக்கல் சுருதியில் வரும். அவர்கள் உங்களிடம் சுருதி கேட்டுவிட்டுப் பாட மாட்டார்கள், பாட்டுக்கட்டும் அக்கா அன்றைக்குத் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே தொடங்குவார். ஐந்தரைக் கட்டை என்று வையுங்கள், அது ஜி ஷார்ப், இ நரம்பில் நான்காம் ஃப்ரெட். அங்கே ஸ, ப இரண்டுக்குமே வெறும் நரம்பு கிடைக்காது. அதனால் வீட்டில் எல்லாவற்றையும் ஃப்ரெட்டை அழுத்தியே பழகுங்கள், பிறகு எந்தக் கட்டையானாலும் அதே விரல் அமைப்பை நகர்த்தினால் போதும். முதல் இரண்டு அடிக்கு வாசிக்காமல் கேளுங்கள், அடி வந்து உட்காருகிற சுரம் பெரும்பாலும் ஸ-வாகத்தான் இருக்கும். போகப் போக வேகம் ஏறும், அதைத் தீர்மானிப்பது அவர்கள் கைத்தட்டல், நீங்கள் அல்ல. காலில் தாளம், மறக்க வேண்டாம்.

குன்றக்குடி: தவிலும் உருமியும் இருக்கிற இடத்தில் பேஸ் எதற்கு? தெம்மாங்குக்கு கார்ட் போட்டால் அது தெம்மாங்கா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். தவிலின் தொப்பியும் (கீழ்ச் சத்தம் தரும் பக்கம்) உருமியின் இழுவையும் கீழ்ச் சத்தத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதே இடத்தில் பேஸும் நுழைந்தால் ஒன்றும் தெளிவாகக் கேட்காது. கார்ட் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரிதான், ஒரே சுருதியில் நிற்கிற பாட்டுக்கு மூன்று கார்டைத் திணிப்பவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் பேஸ் என்றாலே கார்ட் மாற்றம் என்று யார் சொன்னது? ஸ-வில் நில்லுங்கள், தவில் உருட்டும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள்.

காரைக்குடி: ராஜா சார் 'அன்னக்கிளி'யிலிருந்தே கிராமத்து மெட்டுக்கு மேல்நாட்டு வாத்தியம் வைத்தாரே?

வைத்தார், 1976இல். அவருடைய பேஸ், பாட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டு, உட்கார்ந்து எழுதியது. நேற்று வாங்கிய பேஸில் அதைத் தொடாதீர்கள்.

குன்றக்குடி: சினிமா வேறு, கோயில் வாசல் வேறு. பழனி பாதயாத்திரையில் காவடிப் பாட்டுக்கு யாரய்யா பேஸ் கேட்டார்கள்?

யாரும் கேட்கவில்லை, நானும் தூக்கிக்கொண்டு நடக்கப் போவதில்லை. ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் எங்கே? மேடைக் கச்சேரியைப் பற்றித்தான் பேசுகிறோம். தவில் வாசிப்பவர் மாதிரித் தெரிகிறது, ஒரு நாள் வாருங்கள், நீங்கள் வாசியுங்கள், நான் ஸ-வை மட்டும் பிடிக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே திட்டுங்கள்.

கானாடுகாத்தான்: தம்பி, பேரன் பட்டாலைக் கூடத்தில் வைத்து வாசிக்கிறான், வீடே அதிருது. என்ன செய்ய?

ஆச்சி, ஆம்ப்ளிஃபையரை மூலையில் வைத்திருப்பான். சுவர் மூலை கீழ்ச் சத்தத்தைக் கூட்டும், ஆத்தங்குடிக் கல் தரையும் உயரக் கூரையும் எதிரொலியை வளர்க்கும். மூலையிலிருந்து நகர்த்தி ஸ்டூலில் வைக்கச் சொல்லுங்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் ஹெட்ஃபோன்.

புதுவயல்: ஜி வாசிக்கும்போது மட்டும் 'ம்ம்' என்று ஒரு அலை கேட்கிறது.

உங்கள் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு), இ நரம்பின் மூன்றாம் ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசினால் அப்படித்தான் அலையும். கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்படியும் போகாவிட்டால் எர்த்தைச் சோதியுங்கள். நரம்பைத் தொட்டால் சுர்ரென்றால் அந்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீட்டு வயரிங்கை நம்பாதீர்கள்.

தேவகோட்டை: எத்தனை மாதத்தில் வரும்?

காலில் தாளம் வந்த பிறகு கேளுங்கள்.

கண்டனூர்: முதல் பாட்டு எது?

மேலே முதல் பதில்.

பள்ளத்தூர்: கடைக்காரர் ஐந்து நரம்புதான் நல்லது என்கிறாரே?

அவர் விற்கிறார். நாலு.